முடிக்க இயலாத மாளிகை

எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடிக்கவே இயலாத ஆட்டம் ஒன்றைப் பிள்ளைகளுக்கு விலை கொடுத்து வாங்கித் தந்தால் எப்படியிருக்கும்? 1984-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பல இல்லங்களில் அதுவே நிகழ்ந்தது.

‘இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்னும் சிறு வீட்டுக் கணிப்பொறி அங்கே 1982-இல் விற்பனைக்கு வந்தது. ரப்பர்ப் பொத்தான்கள், திரையாக வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, ஆட்டங்களோ, பாட்டுக் கேட்கும் அதே ஒலிநாடாவில். இருபது வயது நிரம்பாத மேத்யூ ஸ்மித் என்பவர் இப்பொறிக்காக 1983-இல் ‘மேனிக் மைனர்’ என்ற ஆட்டத்தை இயற்றிப் பெரும் புகழ் பெற்றார். அதன் தொடர்ச்சியே ‘ஜெட் செட் வில்லி’.

கதை வேடிக்கையானது. செல்வனாகிவிட்ட சுரங்கத் தொழிலாளி வில்லி, மாளிகை வாங்கி விருந்து வைக்கிறான். விருந்தினர் போட்டுச் சென்ற பொருள்களையெல்லாம் பொறுக்கினாலன்றி, பணிப்பெண் மரியா அவனைப் படுக்க விடமாட்டாள்! ஏறத்தாழ 60 அறைகளில் மேடைக்கு மேடை தாவி, 83 பொருள்களைச் சேர்க்க வேண்டும். அறைகளுள் ஒன்று ஆலமரம், ஒன்று சிற்றாலயம், மற்றொன்று ‘குருக்கள் மறைவிடம்’. அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்தில் குருக்களை ஒளித்துவைக்க ஆங்கிலக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் வீடுகளில் அமைத்த இரகசிய அறைகளின் பெயர் அது. அவற்றுள் பலவற்றைக் கட்டிய நிக்கோலஸ் ஓவன் 1606-இல் இலண்டன் கோபுரச் சிறையில் வதையுண்டு இறந்தார். 1970-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். விளையாட்டில் அது வெறும் பெயர்தான். ஆயினும் நம்மவர் அவ்விடத்தைச் சற்று நிற்காமல் கடக்க மாட்டார்கள்.

வினை விளைந்தது பரணில். அங்கே பறக்கும் ஓர் அம்பின் பாதை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. திரைக்கு ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டிச் சென்று, ஆட்டத்தின் விவரங்கள் இருந்த இடத்தை அது அழித்துவிடும். அதன்பின் சிற்றாலயத்தில் உலவிய பூதங்கள் மறைந்துபோகும். நல்லதுதானே என்பீர்கள்! ஆனால் வேறு சில அறைகளில் நுழைந்த கணமே வில்லி மடிவான். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினாலும் அதே கதி. நாடாவை முதலிலிருந்து மீண்டும் ஓட்டியாக வேண்டும்.

வெளியிட்ட ‘சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ்’ நிறுவனம் முதலில் என்ன கூறிற்று தெரியுமா? அது பிழையன்றாம், அவ்வறைகளில் நச்சுவாயு நிரம்பியிருக்கிறதாம்! வாரக்கணக்கில் முயன்று, தம் விரல்களையே நொந்துகொண்ட சிறுவர்களிடம் இப்படிச் சொன்னதை நகைச்சுவை என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. பின்னர் அந்நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு, பரணுக்கும் வேறு சில இடங்களுக்கும் திருத்தங்களை வெளியிட்டது. ‘நினைவகத்தின் இன்ன இடத்தில் இன்ன எண்ணை வை’ என்னும் சில வரிகள், அவ்வளவே. பிள்ளைகள் தாமே அவற்றைத் தட்டச்சு செய்து மாளிகையைச் செப்பனிட்டனர்.

பழைய பொறியைப் போலவே இயங்கும் மென்பொருளின் உதவியால் இன்றும் அதை ஆடுவோர் உண்டு. 83 பொருள்களும் சேர்ந்தபின் மரியா வழிவிடுகிறாள். வில்லி கட்டிலை எட்டுகிறான். உடனே திரும்பிக் குளியலறைக்கு ஓடி, கழிப்பறைத் தொட்டியில் தலைகீழாக விழுகிறான். விருந்து அத்தகையது!