துளசியிடம் யாராவது தனியாகக் கேட்டோமா?

த்ரெட் கொஞ்சம் நீளம். 'சுப்ரமணியபுரம்' இன்னும் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க. எல்லாத் திருப்பத்தையும் சொல்லப்போறேன்.

1/
போன வாரம் 'சம்டே ஆர் ஒன் டே'ன்னு ஒரு தைவான் தொடர் பார்த்து முடிச்சேன். 13 எபிசோட். 2019-ல இருக்கிற பொண்ணு ஒரு பழைய பாட்டைக் கேட்டு 1998-க்குப் போயிடுறா. காதல், மர்மம், திருப்பத்துக்கு மேல திருப்பம். முடிஞ்சதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம மதுரைப் படம். இதுலயும் பழைய காலம், ஒரு பாட்டு, காதலுக்குள்ள ஒளிச்சு வெச்ச திருப்பம்.

2/
2008 ஜூலை 4-ல வந்த படம். சசிகுமாருக்கு இயக்குநரா இதுதான் முதல் படம். கதை நடக்கிறது 1980-ல. பெல்பாட்டம், பெரிய காலர், தாடி, 'முரட்டுக்காளை' ரிலீஸ் அன்னைக்குத் தியேட்டர்ல போடுற ஆட்டம். எதையும் 'பாரு, பழைய காலம்'னு சுட்டிக்காட்ட மாட்டாங்க. அந்த ஊருக்குள்ள நாம சும்மா நடந்து போவோம்.

3/
அழகர் - துளசி காதல்ல வசனம் ரொம்பக் கம்மி. பார்வை, சிரிப்பு, ஜேம்ஸ் வசந்தனோட 'கண்கள் இரண்டால்'. அந்தப் பாட்டு நம்மளை அசர வெச்சிடுது. துளசி கூப்பிட்டு அழகர் போய் நிக்கிறப்போ, கனகுவோட ஆளுங்க வந்து சூழ்ந்ததும் நமக்கே வெட்டு விழுந்த மாதிரி இருக்கும்.

ஆனா இது திடீர்னு வந்த திருப்பம் இல்லை. அவ எந்த வீட்டுப் பொண்ணு, சித்தப்பா கனகு எப்படிப்பட்ட ஆளுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அறிகுறி எல்லாம் இருந்துச்சு, நாமதான் நோயைக் கவனிக்கல.

4/
குறைன்னா, டாக்டரா முதல்ல ஒண்ணு. கடைசியில ஆஸ்பத்திரியில கிடக்கிற காசியோட ஆக்சிஜனைப் பிடுங்கினதும் ஆள் காலி. நிஜத்துல அப்படி உடனே நடக்கிறது அபூர்வம். வெளிக்காத்துலயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு. கத்திக்குத்து கேஸைத் தனியா விட்டுட்டு எல்லாரும் எங்க போனாங்கன்னும் தெரியல. சரி, சினிமா. மன்னிச்சுடலாம்.

5/
மன்னிக்க முடியாத குறை ஒண்ணு இருக்கு. துளசி தரப்புக்குப் படம் கொடுக்கிற நேரம் ரொம்பக் கம்மி. அந்த இடத்துல அவ அழுதுக்கிட்டு நிக்கிறா. அந்த அழுகை நமக்குப் போதல. அவ மனசைக் காட்டினா திருப்பம் உடைஞ்சிடும்னு மறைச்சாங்க, திருப்பமும் ஜெயிச்சுது. அதுக்கு விலை கொடுத்தவ துளசி. இத்தனை வருஷமா டீக்கடையிலயும் மீம்லயும் அவ 'துரோகி'. கையில அரிவாள் வெச்சிருந்த கனகுவைக்கூட நாம அவ்வளவு திட்டினதில்லை.

6/
இதை ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறேன்னு கேட்பீங்க.

திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து விஷம் குடிச்ச பொண்ணுங்க கேஷுவாலிட்டிக்கு வருவாங்க. "என்னம்மா ஆச்சு?"ன்னு பொண்ணைக் கேட்டா, பதில் சொல்றது தாய்மாமா. "வயித்துவலி தாங்காம குடிச்சிருச்சு சார்."

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு. சொந்தக்காரங்களை வெளிய அனுப்பிட்டு, சிஸ்டரை மட்டும் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொல்லுச்சு: "போனைக் கையில கொடுத்து அவனை வரச் சொல்லுன்னாங்க டாக்டர். வந்தா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் குடிச்சேன்."

பிழைச்சிட்டா. போலீஸ்ல சொல்லி, வீட்டுக்கு அனுப்பாம பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினோம்.

7/
அன்னைக்கு நைட்டு எனக்குத் துளசி ஞாபகம்தான். அவளும் கூப்பிட்டிருக்கா, ஆனா கூப்பிட வெச்சது யாரு? சொந்தக்காரங்களை வெளிய அனுப்பிட்டு அவகிட்ட கேட்கிற ஒரு சீன், ரெண்டே நிமிஷம், படத்துல இருந்திருந்தா அழகரோட சாவு இன்னும் வலிச்சிருக்கும். அதிர்ச்சி கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

8/
இவ்வளவு சொன்னாலும் எனக்குப் பிடிச்ச படம்தான். 2023-ல மறுபடி ரிலீஸ் ஆனப்பவும் தியேட்டர்ல போய்ப் பார்த்தேன். நீங்களும் இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை கடைசி அரை மணி நேரம் துளசி முகத்தை மட்டும் கவனிங்க.

உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு யாராவது இப்படி ஒரு வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்தா, பெண்கள் உதவி எண் 181. மனசு ரொம்ப உடைஞ்சு போயிருந்தா 104. குறிச்சு வெச்சுக்கோங்க.