வன்தட்டு செத்தா பொட்டிக்கு ஏன் கொள்ளி வைக்கறீங்க?

லேப்டாப்ல வன்தட்டு போச்சுன்னா லேப்டாப்பே போச்சுன்னு நம்ம ஊர்ல ஒரு மூடநம்பிக்கை பரவிக்கிட்டு இருக்கு. பூனை குறுக்கே போனா சகுனம் பாக்குற ஆளைப் பார்த்து சிரிக்கிற படிச்ச மக்கள் தான் இதை அப்படியே நம்புறாங்க. "என்னப்பா, பத்து வருஷம் ஆச்சே, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு"ன்னு ஆபீஸ்ல, கல்யாண வீட்டுல, டீக்கடையில எங்க போனாலும் உபதேசம். அந்த உபதேசத்துக்கு எதிரா தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல சாமான் என்னன்னு பாத்துருவோம். வன்தட்டுக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு தட்டு இருக்கு. லேப்டாப்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுத்து. அதுக்கு மேல ஒரு குட்டித் தலை, தட்டைத் தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல மிதந்துக்கிட்டே படிக்குது, எழுதுது. நம்ம தலைமுடியோட தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர்ங்க. 1956-ல ஐ.பி.எம். விட்ட முதல் வன்தட்டு எந்திரத்துல 24 அங்குலத் தட்டு 50 இருந்துச்சு. மொத்தமா 50 லட்சம் எழுத்து பிடிக்கும். இன்னைக்கு போன்ல எடுக்குற ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. அளவு எங்கேயோ போயிருச்சு, ஆனா அடிப்படை மாறல: சுத்துறது தேயும்.

லேப்டாப்ல ஓயாம சுத்துற பாகம்னு பாத்தா ரெண்டு தான். ஒண்ணு ஃபேன், இன்னொண்ணு வன்தட்டு. அதனால அது முதல்ல போறதுல ஆச்சரியமே இல்ல. சைக்கிளுக்கு டயர் மாதிரி, செருப்புக்கு வார் மாதிரி. வார் அறுந்தா தைக்கக் கொடுப்போம், இல்ல வேற செருப்பு வாங்குவோம். காலை வெட்டிக்க மாட்டோம் இல்லையா?

என் பொட்டி 2013-ல வாங்கினது. 2024 ஆடி மாசம் வன்தட்டுல 'டிக்... டிக்...'னு பல்லி கத்துற மாதிரி சத்தம். அடுத்த நாள் விண்டோஸ் ஏறவே இல்ல. முக்கியமானது எல்லாம் தங்கச்சி வீட்டுல இன்னொரு பிரதி இருந்துச்சு, அதனால எனக்குப் பதட்டம் ஒண்ணும் இல்ல. வடபழனியில ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். பேரு வேணாம், அது முக்கியமும் இல்ல. டோக்கன், ஏசி, கண்ணாடிக் கவுண்டர், முக்கால் மணி நேரக் காத்திருப்பு. கவுண்டர்ல இருந்த பொண்ணு சீரியல் நம்பரைத் தட்டிப் பாத்துட்டு,

"சார், இந்த மாடல் எண்ட் ஆஃப் லைஃப் சார்."

"வன்தட்டு மட்டும் தானேம்மா போயிருக்கு?"

"ஆமா சார். ஆனா பார்ட் வராது சார். எக்ஸ்சேஞ்சுல 2,000 ரூபா போட்டுக்கலாம், புது மாடல் பாக்குறீங்களா?"

அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. மேல இருந்து சொல்லிக் கொடுத்த வசனத்தை அது சொல்லுது. ஆனா அந்த வசனம் இருக்கே, அது பச்சைப் புளுகு. என் லேப்டாப்ல இருந்தது ரெண்டரை அங்குல சாட்டா வன்தட்டு. கம்பெனிக்கு ஒரு அளவு எல்லாம் கிடையாது, உலகம் பூரா ஒரே அளவு, ஒரே கனெக்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையில கேட்டாலும் எடுத்து நீட்டுவான். இதுக்குப் போய் 'பார்ட் வராது'ன்னு சொல்றது, மளிகைக்கடைக்காரர் 'உப்பு உற்பத்தியை நிறுத்திட்டாங்க'ன்னு சொல்ற மாதிரி.

அடுத்து போனது பஸ் டெப்போவுக்குப் பின்னாடி ஒரு சந்துல, குறுகலான மாடிப்படி ஏறினா வர்ற எட்டுக்கு எட்டு கடை. தம்பி ஒருத்தன் உக்காந்திருந்தான். சத்தத்தைக் கேட்டவுடனே சொன்னது, "அண்ணே, இதை மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்காதீங்க, தலை தட்டைக் கீறிடும்." அடியில ரெண்டு ஸ்க்ரூ, மூடி வந்துருச்சு. வன்தட்டைப் பக்கவாட்டுல இழுத்தான், கழண்டு வந்துச்சு. அதைப் பிடிச்சிருந்த தகரச் சட்டத்தைக் கழட்டி, புது எஸ்.எஸ்.டி.யில மாட்டி, அதே இடத்துல சொருகினான். கீழ போய் டீ வாங்கிட்டு வந்த நேரத்தையும் சேர்த்து 20 நிமிஷம். 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் கூலியும் சேர்த்து அன்னைக்கு 2,300 ரூபா. கிளம்பும்போது பழைய வன்தட்டை ஒரு பேப்பர்ல சுத்தி, "இந்தாங்கண்ணே, உங்க பொருள்"னு கையில கொடுத்தான்.

'உங்க பொருள்'. அந்த ரெண்டு வார்த்தை தான் இங்க மேட்டரே.

வாரண்டியில வன்தட்டு மாத்தினா என்ன நடக்குது தெரியுமா? பெரும்பாலான கம்பெனி விதிப்படி புதுசு கொடுத்துட்டுப் பழசை அவங்களே எடுத்துக்குவாங்க. அதுல உங்க சம்பள ரசீது, ஆதார் நகல், குழந்தையோட போட்டோ, பாதி எழுதின நாவல் எல்லாம் இருக்கும். வன்தட்டு ஏறலைன்னா உள்ள இருக்குறது அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. சர்க்யூட் போர்டு மட்டும் போயிருந்தா தட்டுல அத்தனையும் பத்திரமா இருக்கும். பெரும்பாலும் கம்பெனி வாடிக்கையாளர்களுக்குன்னு 'பழைய வன்தட்டை நீங்களே வச்சுக்கலாம்'னு ஒரு தனித் திட்டம் காசுக்கு விக்கிறாங்க. அதாவது நம்ம ரகசியம் நம்ம கிட்ட இருக்கணும்னா அதுக்குத் தனிக் காசு. சம்பளக்காரனும் கல்லூரிப் பிள்ளையும் கேட்டா 'பாலிசி சார்'. என்னங்கடா உங்க நியாயம்?

இப்போ எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். வழக்கமா மூணு சொல்லுவாங்க.

ஒண்ணு: "பழைய பொட்டி ஆமை வேகம், எதுக்கு அதுக்குச் செலவு பண்ணணும்?" பழைய லேப்டாப் மந்தமா இருக்க முக்கால்வாசிக் காரணமே அந்தச் சுத்துற தட்டு தான் சாமி. வன்தட்டுல தலை நகர்ந்து ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்க பத்து மில்லி செகண்டுக்கு மேல ஆகும். சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு அதுல நூத்துல ஒரு பங்கு நேரம் போதும். கூட ரேம் கொஞ்சம் ஏத்திட்டா எழுதுறதுக்கு, படிக்கிறதுக்கு, பிள்ளைங்க பாடத்துக்குத் தாராளம். "விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சிருச்சே"ன்னு கேப்பீங்க. ஆமா, 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுது. விண்டோஸ் 11 பழைய ப்ராசசர்களை ஏத்துக்காது. அது மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு, பொட்டியோட ஆயுள் ரேகை இல்ல. லினக்ஸ் மின்ட் போடுங்க. நான் போட்டிருக்கேன், தமிழ் தட்டச்சு ஜம்முன்னு வேலை செய்யுது.

ரெண்டு: "மெல்லிசா வேணும்னா மதர்போர்டோட சேர்த்துப் பத்த வச்சுத்தான் ஆகணும்." இது சுத்தக் கதை. எம்.2 அட்டைன்னு ஒண்ணு இருக்கு. 22 மில்லிமீட்டர் அகலம், லேப்டாப்ல வழக்கமா வர்றது 80 மில்லிமீட்டர் வரை தான் நீளம். ஒரே ஒரு ஸ்க்ரூ. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். ஃப்ரேம்வொர்க்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி 2021-ல இருந்து எல்லா பாகத்தையும் கழட்டி மாத்துற மாதிரி மெல்லிய லேப்டாப்பே வித்துக்கிட்டு இருக்கான். மனசு இருந்தா மார்க்கம் உண்டு. ஆப்பிள் 2016-ல டச் பார் வச்ச மேக்புக் ப்ரோவுல எஸ்.எஸ்.டி.யை போர்டோட பத்த வச்சாங்க. அதைப் பாத்து மத்தவங்களும் கிளம்பிட்டாங்க. இதுல பெரிய அநியாயம் என்னன்னா, எஸ்.எஸ்.டி.யும் தேயுற பொருள் தான். அதோட செல்களை இத்தனை தடவைக்கு மேல அழிச்சு எழுத முடியாதுன்னு கணக்கே இருக்கு. தேயும்னு தெரிஞ்ச பாகத்தைக் கழட்ட முடியாதபடி ஒட்டி விக்கிறதுக்கு நம்ம ஊர்ல வேற பேரு இருக்கு, இங்க எழுதினா நல்லா இருக்காது.

மூணு: "பத்த வச்சா தான் டேட்டாவுக்குப் பாதுகாப்பு." பூட்டுறதுக்கு என்க்ரிப்ஷன் போதும், ஈயம் வேண்டாம். ஒட்டினதோட பலன் என்னன்னா, போர்டு செத்தா டேட்டாவும் உடன்கட்டை ஏறும். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு வீட்டுக்குள்ள தண்ணி வந்த சேதி நமக்கெல்லாம் மறக்கல. தண்ணியில முழுகின பொட்டியில இருந்து வன்தட்டைத் தனியாக் கழட்டி, கரண்ட் கொடுக்காம, மீட்கத் தெரிஞ்சவங்க கிட்ட கொண்டு போக ஒரு வழியாவது இருந்துச்சு. ஒட்டின பொட்டியில அந்த வழி கிட்டத்தட்ட அடைஞ்சாச்சு. அடுத்த வெள்ளம் நம்மளைக் கேட்டுக்கிட்டா வரும்?

எல்லாப் பழைய பொட்டியையும் கட்டிப்பிடிச்சு அழணும்னு நான் சொல்லல. மதர்போர்டே போச்சு, ஸ்க்ரீனும் போச்சுன்னா கணக்குப் போட்டுப் பாத்து விட்டுருங்க. ஆனா நோய் என்னன்னு பாக்காம சாவுச் சான்றிதழ் எழுதாதீங்கன்னு தான் சொல்றேன்.

இது என் ஒருத்தன் பொட்டிக் கதை இல்ல. 2011 செப்டம்பர்ல தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டத்துல தமிழ்நாட்டு அரசு 50 லட்சத்துக்கும் மேல கொடுத்திருக்கு. பல வீட்டுல முதல் கம்ப்யூட்டரே அது தான். இன்னைக்கு அதுல எத்தனையோ பரண்ல தூங்குது, பழைய இரும்புக்காரர் வண்டியில போகுது. சும்மா வன்தட்டு மட்டும் போன பொட்டியும் அதுல இருக்கும். ரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஒரு தம்பியோ தங்கச்சியோ மறுபடி படிக்க உக்காரலாம். 2022-ல மட்டும் உலகம் பூரா 6.2 கோடி டன் மின்குப்பை சேர்ந்துச்சுன்னு ஐ.நா. கணக்கு சொல்லுது. அதுல முறையா சேகரிச்சது கால்வாசி கூட இல்ல. மீதி எங்க போகுதுன்னா, எங்கேயோ ஒரு குப்பைமேட்டுல கம்பியை எரிச்சு செம்பு எடுக்குறவரோட நுரையீரலுக்குப் போகுது.

இன்னொரு விஷயம் எழுதுறவங்களுக்கு. யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க திஸ்கியில, டாப்ல, என்னென்னமோ எழுத்துருவுல தட்டி வச்சதெல்லாம் பழைய வன்தட்டுல தான் தூங்குது. இணையத்துல ஏத்தினது பத்திரம்னு நினைக்காதீங்க. 2009-ல யாகூ ஜியோசிட்டீஸை மூடினான், 2014-ல கூகுள் ஆர்குட்டை மூடினான். அதுல இருந்த தமிழும் சேர்ந்து போச்சு. இப்போ கழட்ட முடியாத பொட்டியும் பழகிட்டோம்னா நம்ம எழுத்து நம்ம வீட்டுலயும் தங்காது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா, ஊர்வலம் கிளம்பியிருக்கு, சாமி இன்னும் வரல. ஃப்ரான்ஸ்ல 2021-ல இருந்து லேப்டாப் விக்கும்போதே 'இதை எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்'னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும்னு கட்டாயம் ஆக்கினாங்க. இந்தியாவுல நுகர்வோர் துறை 2022-ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு கமிட்டி போட்டுச்சு, அதே வருஷம் ஒரு இணையதளம் திறந்துச்சு. 2024-ல மார்க் போடுற முறைக்கு இன்னொரு கமிட்டி, 2025-ல அறிக்கை. அதுவும் முதல்ல ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் தான். லேப்டாப் வரிசையில பின்னாடி நிக்குது.

தமிழ்நாட்டு அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்ல. 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தர்றதா அறிவிச்சாங்க. இவ்வளவு பெரிய கொள்முதல் பண்றவனுக்குக் கம்பெனிக்காரன் சல்யூட் அடிப்பான். இனிமே போடுற எந்த டெண்டர்லயும் மூணே வரி சேருங்க: சேமிப்பகம் ஸ்க்ரூ போட்டுக் கழட்டுற மாதிரி இருக்கணும், பேட்டரியும் தட்டும் ஏழு வருஷத்துக்குக் கிடைக்கணும், பழுதான தட்டு மாணவருக்கே சொந்தம். அரசாங்கத்துக்கு விக்கிற மாடல்ல செஞ்சவன் கடையில விக்கிற மாடல்ல மாட்டேன்னு சொல்ல முடியாது.

நம்ம பங்குக்கு நாம செய்ய வேண்டியது:

1. புதுசு வாங்கும்போது கடைக்காரரை ஒரே கேள்வி கேளுங்க: "எஸ்.எஸ்.டி. கழட்டலாமா?" தெரியலைன்னு சொன்னா அடுத்த கடை.

2. எதையும் ரெண்டு பிரதி, ரெண்டு வீட்டுல. பிரதி எஸ்.எஸ்.டி.யில இருந்தா வருஷக்கணக்கா கரண்ட் காட்டாம பீரோவுல வைக்காதீங்க, மறந்து போகும் (உங்களுக்கு இல்ல, அதுக்கு).

3. டிக் டிக் சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா சரியாகும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, உள்ள ஈரம் கோர்த்து மிச்சமும் போகும்.

4. பழைய வன்தட்டைக் கேட்டு வாங்குங்க. கொடுக்க மாட்டேன்னா எந்த விதின்னு எழுத்துல கேளுங்க.

5. உங்க தெருவுல இருக்குற ரிப்பேர் கடைக்காரருக்கு வேலை கொடுங்க. ஏசி இருக்காது, டோக்கன் இருக்காது. அவர் கடையை மூடிட்டா நமக்கு 'பார்ட் வராது சார்' மட்டும் தான் மிச்சம்.

டிஸ்கி: இந்தப் பதிவு அந்த 2013 பொட்டியில தான் தட்டினது. 'புதுசு வாங்குப்பா'ன்னு சொல்ல வர்றவங்க, கையோட அந்தக் காசையும் கொண்டு வரவும் :-)