விண்கலத்தின் வயது

மனிதரை விண்ணுக்கு ஏற்றிச் செல்லும் கலமொன்றை எத்தனை முறை பறக்கவிடலாம் என்னும் வினா மீண்டும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் அமைத்த ‘டிராகன்’ கலங்கள், ஒவ்வொன்றும் ஐந்து பயணங்களுக்கென்றே முதலிற் சான்று பெற்றவை. 2020 மே மாதத்தில் முதன்முறையாக மனிதரை ஏற்றிய ‘எண்டெவர்’, 2025 ஆகஸ்டில் ஆறாம் முறையாகப் புறப்பட்டது. பதினைந்து பயணங்கள் வரை நீட்டிப்பதே நோக்கம்.

நீட்டிக்கலாமா? ஆண்டையும் பயணத்தையும் எண்ணி விடை கூற முற்படுவோர் கொலம்பியா விண்ணோடத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். நூறு பயணங்களைக் கருதி வகுக்கப்பட்ட அவ்வோடம், 1981இல் முதன்முறை பறந்தது; 28ஆம் பயணத்தில், 2003 பெப்ரவரி 1ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் சிதைந்தது. கணக்கின்படி அதன் ஆயுளிற் கால்வாசியே கழிந்திருந்தது. புறப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருட் கலனிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியதே காரணம். அத்துண்டின் எடை இரண்டு இறாத்தலுக்கும் குறைவு.

நுரை பெயர்வது அன்றுதான் புதிதாக நிகழ்ந்ததன்று. முன்னைய பயணங்களிலும் பெயர்ந்தது. ஓடங்கள் பத்திரமாகத் திரும்பின. ஆகவே அது பராமரிப்புக் கணக்கிற் சேர்ந்த சில்லறைக் குறையாயிற்று. ஓடத்தைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமென்று பொறியியலாளர் சிலர் விரும்பினர். அவ்விருப்பம் மேலிடத்தோடு நின்றுபோயிற்று.

இம்மனநிலையை அறிய விண்ணுக்குச் செல்லவேண்டியதில்லை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிற் படிப்பிக்கும் ஆசிரியரைக் கேட்டாற் போதும். வெள்ளைக்காரர் காலத்து லயங்களுக்கு ‘ஆயுள் நீட்டிப்பு’ என்று எவரும் ஆணை பிறப்பித்ததில்லை. சுவர் வெடிக்கும், சீமெந்து பூசுவர். தகரம் ஒழுகும்; அதன்மேல் இன்னொரு தகரம் இடுவர். அடுத்த மாரியிலும் லயம் நிற்கும். நின்றதே அதன் உறுதிக்குச் சான்றென்று துரைமார் எண்ணுவர். நாளடைவில் குடியிருப்போரும் எண்ணத் தலைப்படுவர். அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்த 2016 மே மாதத்துக்குப் பின்னரும் அவ்வெண்ணம் முற்றாக அகன்றுவிடவில்லை.

கொலம்பியா விபத்தை ஆராய்ந்த குழு, 2010க்கு அப்பாலும் ஓடங்களைப் பறக்கவிடுவதாயின் உறுப்புக்குறுப்பு சோதித்துப் புதிதாகச் சான்று பெறவேண்டும் என்றது. அச்செலவை ஏற்பதினும் ஓடங்களை ஓய்வுபெறச் செய்வதே எளிதாயிற்று. 2011 ஜூலையோடு அவை நின்றன. பின்னர் ஒன்பதாண்டு அமெரிக்கர் தம் மண்ணிலிருந்து மனிதரைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப இயலாது, ரஷ்யாவின் சோயுஸில் இடம்பெற்றே விண்வெளி நிலையத்துக்குச் சென்றனர். பழையதை நிறுத்துவதிலும் இடருண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

டிராகன் விண்ணோடம் போன்றதன்று. ஏவூர்தி பழுதுற்றால் மனிதரோடு விலகித் தப்பும் பொறி அதற்குண்டு. ஆகவே நீட்டிப்பை அடியோடு மறுப்பது என் கருத்தன்று. ஆயின், கொலம்பியா விண்ணில் இருந்தபோது, ‘ஆபத்தென்று மெய்ப்பித்துக் காட்டுக’ என்ற சுமை ஐயுற்ற பொறியியலாளர்மீதே விழுந்தது. ‘ஆபத்தில்லையென்று மெய்ப்பித்துக் காட்டுக’ என அச்சுமையை அனுப்புவோர்மீது ஏற்றியிருத்தல் வேண்டும். 2025 ஜூனில் இந்தியரான சுபான்ஷு சுக்லா ஏறிச் சென்ற ‘கிரேஸ்’ அன்று புத்தம்புதிய கலம். அதன் பதினைந்தாம் பயணத்துக்கு ஒப்பமிடுவோர், முன்னைய பதினான்கும் நலமே முடிந்தன என்பதைச் சான்றாக நீட்டினால், அதனை ஏற்கலாகாது.