வாசற்படியில் ஒரு கேள்வி

விமானப்படைத் தளத்தில் பணிபுரியும் பல மாநிலத்தார், ஏற்றுமதி வளாகத் தொழிலாளர், கிறித்தவக் கல்லூரி மாணவர் என எல்லாரும் கலந்து வாழும் புறநகர் தாம்பரம். மின்ரயிலில் தோளுரசிப் பயணம் செய்கையில் எவரும் எவரிடமும் சாதி கேட்பதில்லை. 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்கும் வாசலிலோ, பெயர் கேட்குமுன்பே அக்கேள்வி எழுகிறது: "நீங்க எந்த ஆளுங்க? சைவமா?"

சட்டம் துணை நிற்குமா? 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு ஆகியவற்றை எல்லார்க்கும் திறந்துவிட்டது. வாடகை வீட்டின் கதவு அப்பட்டியலில் இல்லை. ஆகவே இங்கு மனச்சான்றும் பேசவேண்டும்.

"என் வீடு, என் விருப்பம்" என்பர் சிலர். குடியிருக்கும் வீடு உமது விருப்பம். வாடகை பெறும் வீடு வாணிபம். அரிசிக் கடைக்காரர் சாதி கேட்டால் சினங்கொள்ளும் நாம், அதையே மாடிப்படியில் நின்று கேட்பது எவ்வகை நீதி?

ஞாயிறுதோறும் ஒரே பந்தியில் அமரும் நம்மவர் இல்லங்களிலும் இக்கேள்வி ஒலிப்பதே பெரும் வெட்கம். வாடகையை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பேணுவாரா எனக் கேளுங்கள். அதற்குமேல் கேட்பது வீட்டைப் பற்றியதன்று; நம் நெஞ்சின் குறுகலைப் பற்றியது.