எல்லாக் கப்பலும் சாம்பல் இல்லை

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை மென்பொருளில் போட்டு வண்ணமாக்கி, வரலாற்றுக்கு உயிர் கொடுத்துவிட்டோம் என்று பகிர்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தாத்தா பாட்டி கல்யாணப் படம் என்றால் விட்டுவிடலாம். கூறைப் புடவை அரக்கா பச்சையா என்பது அந்தக் குடும்பத்துப் பஞ்சாயத்து. நான் சொல்வது உலகப் போர்களின் கப்பல்களை. அங்கே நிறம்தான் விஷயமே. அதைப் போய் ஊகித்து, ஊகம் என்றுகூடச் சொல்லாமல் விடுகிறார்கள்.

1917இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியருக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலை ஒளிக்க முடியாது, ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்று எதிரியைக் குழப்பலாம். கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று கோணல்மாணலான பட்டைகள். லண்டன் ராயல் அகாதெமியில் சின்ன மாதிரிக் கப்பல்களுக்கு வர்ணம் பூசி, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துச் சோதித்தார்கள். அந்தக் குழுவில் பெண் ஓவியர்கள் நிறைய. இன்று நமக்குக் கிடைக்கும் புகைப்படங்களில் அவை வரிக்குதிரை மாதிரி இருக்கின்றன. மென்பொருளும் வரிக்குதிரையாகவே வைத்துக்கொண்டு, கடலுக்கு மட்டும் நீலம் அடித்துத் தருகிறது.

ஏன் இப்படி ஆகிறது? என் பிழைப்பே மென்பொருள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வண்ணமாக்கும் மாடலைப் பழக்குவது எளிது. லட்சக்கணக்கான வண்ணப் படங்களை எடுத்து, நிறத்தை உருவிவிட்டு, பிரகாசத்தை மட்டும் காட்டி, போன நிறத்தைக் கண்டுபிடி என்கிறோம். அந்தப் பிரகாசத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் ஒன்றில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. அதாவது மாடலின் உலகத்தில் நீலம் இருட்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் வகைத் தகடுகளுக்கோ சிவப்பு தெரியவே தெரியாது, நீலம் பளீரென்று விழும். வெளிர்நீலப் பட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், செம்பழுப்பு கறுப்பாகிவிடும். இரண்டும் நேர் எதிர். இந்தப் படத்தை அந்த மாடலிடம் கொடுப்பது, தெலுங்குக் கடிதத்தைக் கன்னடம் என்று நினைத்து வாசிப்பது மாதிரி. எழுத்து ஓரளவு பிடிபடும், அர்த்தம்தான் வேறாகிவிடும். சந்தேகம் வந்தால் சராசரிக்கு ஒதுங்குவது வேறு இந்த மாடல்களின் குணம். போர்க்கப்பலின் சராசரி என்ன? சாம்பல்.

"சரி, அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். அட்லாண்டிக்கில் யூ-போட்டுகள் இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து தாக்கின. இரவில் கறுப்புதானே மறைக்கும் என்று நமக்குத் தோன்றும். பின்னாளில் பறவைப் பாதுகாப்பில் பேர் வாங்கிய பீட்டர் ஸ்காட் அப்போது கடற்படையில் இருந்தார், ஓவியர். இரவிலும் வானம் கடலைவிட வெளிச்சம், தாழ்வாக இருந்து பார்க்கிறவனுக்குக் கறுத்த கப்பல் நிழலுருவாக எழுந்து நிற்கும், ஆகவே வெள்ளையும் வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் பூசுங்கள் என்றார். 1940இல் எச்.எம்.எஸ். புரோக் அப்படிப் பூசப்பட்டது. அடுத்த வருடமே அது பரவலாகிவிட்டது. அந்த வெளிர்நிறம் ஒரு வாதம். அதை நம்பித்தான் மாலுமிகள் இரவில் கடலுக்குப் போனார்கள். அதை நடுச்சாம்பலாக்கிக் கொடுத்தால் அழிவது அந்த யோசனை. படம் கூர்மையாகிவிட்டதே என்று மகிழ இதில் எதுவும் இல்லை.

இந்த நிறங்களைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது, சலிப்பான வழி. லண்டனில் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அட்மிரால்டி உத்தரவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கப்பல்களின் நாட்குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. அவற்றில் இன்று வர்ணம் அடித்தோம் என்று இருக்கும், எந்த நிறம் என்று பெரும்பாலும் இருக்காது! அமெரிக்கக் கடற்படையின் காகிதங்களில் சமையல் குறிப்பு மாதிரியே கிடைக்கும்: 5-யூ என்ற வெள்ளை வர்ணத்தில் 5-டிஎம் என்ற நீலச்சாயலுள்ள பசையை இவ்வளவு கலந்தால் இந்தச் சாம்பல், இன்னும் கலந்தால் அந்த நீலம். 1945இல் நீலநிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அந்தச் சாம்பல்களிலிருந்து நீலமே போய்விட்டது. ஒரே கப்பல், ஒரே திட்டம், வேறு நிறம். தேதி தெரியாமல் நிறம் சொல்லவே முடியாது.

காப்பகத்தையும் நான் கோயிலாக்கவில்லை. உத்தரவில் இருப்பதும் கப்பலில் இருந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, துறைமுகத்தில் எந்த டின் கிடைத்ததோ அதுதான் பூச்சு. கோப்புக்குள் ஒட்டிய மாதிரி அட்டையும் பொய் சொல்லும். ஆளி விதை எண்ணெய் கலந்த வர்ணம் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும், நீலம் பச்சையாகத் தெரியும். அதை அப்படியே ஸ்கேன் பண்ணி, ஆறிலக்க ஹெக்ஸ் எண் ஒன்றைக் கொடுத்து, இதுதான் அசல் என்று விற்கிறவர்களும் என் சண்டைப் பட்டியலில் உண்டு. ஆனால் அட்டை பொய் சொன்னால் பிடிக்கலாம். தேதி இருக்கிறது, உத்தரவு எண் இருக்கிறது, எண்ணெயின் வேதியியல் இருக்கிறது. பக்கத்துக் கோப்போடு மோதவிடலாம். மென்பொருள் கொடுத்த சாம்பலை எதோடு மோதவிடுவது? ஏன் இந்த நிறம் என்று கேட்டால் அது வாயைத் திறக்காது.

இதற்குள் தேடுபொறியில் கறுப்பு வெள்ளை அசல் கீழே போய், வண்ணப் போலி மேலே வருகிறது. அடுத்த மாடலைப் பழக்க இணையத்திலிருந்து படங்களை அள்ளுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் அள்ளுவார்கள்.

குறைந்தபட்சம் படத்துக்குக் கீழே 'இயந்திர ஊகம்' என்று போடுங்கள், அசலையும் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு நிமிட வேலை. அதற்கும் சோம்பல் என்றால், மவுண்ட்பேட்டன் 1940இல் தன் டெஸ்ட்ராயர்களுக்கு அடிக்கச் சொன்ன நிறம் எது என்று உங்கள் மென்பொருளிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அது சாம்பல் என்னும். அந்த நிறம் இளஞ்சிவப்பு.