சாரல் மேல் பழி போடாதீர்கள்

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் தென்காசியில் எல்லா இருமலுக்கும் ஒரே காரணம்தான்: 'சாரல் ஒத்துக்கலை!' மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டில் சிரப். முடிந்தது கதை.

ஆனால், நீங்கள் குடல் அழற்சிக்கு, அதாவது பேதியும் ரத்தமுமாக வருடக்கணக்கில் படுத்துமே அதற்கு, மருந்து சாப்பிடுபவரா? கொஞ்சம் நில்லுங்கள். குடலை ஆற்றும் சல்ஃபாசலசீனும் மெசலமைனும் அபூர்வமாக நுரையீரலைப் பதம் பார்க்கும். மெத்தோட்ரெக்சேட்டும் அப்படியே. வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கல். இன்ஃப்ளிக்சிமாப் ஊசியோ உடம்பில் உறங்கும் காசநோயைத் தட்டி எழுப்பிவிடலாம். அமெரிக்காவில் 2001-லேயே எச்சரித்துவிட்டார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில்தான். பரிசோதிக்காமல் அந்த ஊசியைப் போடலாமா?

'அபூர்வம்தானே' என்று டாக்டர்கள் பலர் வாயே திறப்பதில்லை. 'இருமல் வந்தா உடனே வாங்க' என்று சொல்ல ஐந்து விநாடி ஆகுமா? நாம் மட்டும் என்ன ஒழுங்கு? வயிற்று டாக்டரிடம் இருமலைச் சொல்வதில்லை. நெஞ்சு டாக்டரிடம் வயிற்று மாத்திரையைச் சொல்வதில்லை. அப்புறம் அவருக்கு எப்படி சந்தேகம் வரும்?

சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை மாற்றியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடல் மறுபடி கிளம்பிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போய் மேஜையில் வையுங்கள். 'இந்த இருமல் இதனாலயா டாக்டர்?' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர் வேலை.