துரைக்குப் பெயர் உண்டு

நுவரெலியா வீதியோரத்துத் தேயிலைக் கடைகளிலும், பழைய பங்களாக்களில் நடக்கும் ஹோட்டல்களின் வரவேற்பறைகளிலும், கொழும்பு வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளிலும் ஒரே பெண் நிற்கிறாள். மரத்தில் செதுக்கியிருப்பார்கள், பித்தளையில் வார்த்திருப்பார்கள், பீங்கானிலும் செய்திருப்பார்கள். எதில் செய்தாலும் முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகத்தில் மாறாத சிரிப்பு. அவளுக்குப் பெயர் கிடையாது. இதே மலைநாட்டில், அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில், தோமஸ் லிப்டன் கையில் கோப்பையோடு வாங்கில் அமர்ந்திருக்கிறார். உல்லாசப் பயணிகள் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்கே லிப்டன் ஆசனம் என்றுதான் பெயர். லூல்கந்துரையில் 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் பெயர் உண்டு. அவர் அமர்ந்த கல்லாசனம் இன்றும் காட்டப்படுகிறது. மலையகத்துச் சிலைகளைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். துரை தன் பெயரோடு நினைக்கப்படுகிறார். கொழுந்தெடுத்தவள் அலங்காரப் பொருளாகிவிட்டாள்.

அந்தப் பொம்மையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். விரல்கள் வழவழப்பாக இருக்கின்றன. கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த நகக்கண்ணும் இல்லை, வெடிப்பும் இல்லை. இடுப்பில் படங்கு இல்லை. கூடைக் கயிறு நெற்றியைத் தொடுகிறது, ஆனால் அழுத்தவில்லை; வருடக்கணக்காகச் சுமந்தவர்களின் தலையில் அந்தக் கயிறு பதித்த தடத்தைச் சிற்பி பார்க்கவில்லை. கால்கள் சமதரையில் நிற்கின்றன. சரிவான மலையில், ஈரத்தில், அட்டைக்கு நடுவே நிற்கும் உடம்பு இப்படி நிற்காது. இன்றைக்குப் பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்துவிட்டது, பொம்மையில் மட்டும் கூடை இறங்கவேயில்லை. காரணம், அது பெண்ணைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல, படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்கீன், பிளாட்டே முதலான நிறுவனங்கள் விற்ற புகைப்படங்களும் அஞ்சலட்டைகளும், 1932-இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை வளர்த்த விளம்பரமும் சேர்ந்து உருவாக்கிய காட்சி அது. பிறகு பெட்டிகளிலும் பழைய நூறு ரூபா நோட்டின் பின்புறத்திலும் கொழுந்தெடுக்கும் காட்சி ஏறியது. தேயிலை விற்பதற்காகத் தீட்டிய முகத்தைத்தான் மரமும் பித்தளையும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இதனால் நகல் என்பதே தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. கிரேக்கச் சிற்பி மைரன் வார்த்த வட்டெறிபவனின் வெண்கல மூலம் அழிந்துவிட்டது. உரோமர் பளிங்கில் செய்துவைத்த நகல்களால்தான் உலகம் அந்த உடலை அறிகிறது. இலங்கையின் கிழக்குப் பகுதியில் கிடைத்த தாரா சிலையை ஆளுநர் பிரவுண்ரிக் கொண்டுபோய் 1830-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொழும்பு அருங்காட்சியகத்தில் நம் பிள்ளைகள் பார்ப்பது அதன் நகலை. அந்த நகலும் இல்லாவிட்டால் இழந்தது என்னவென்றே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் சென்னை மெரீனாவில் நிறுவப்பட்டது. அதன் இன்னொரு வார்ப்பு டெல்லியின் நவீன கலைக்கூடத்தில் நிற்கிறது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். அவர்களும் பெயரற்றவர்கள்தான். ஆனால் அந்த முதுகுகளிலும் தொடைகளிலும் பாறையின் பாரம் இருக்கிறது. அதை எத்தனை முறை வார்த்தாலும் பாரம் குறையாது. மூலம் உழைப்பைப் பார்த்திருந்தால் நகலும் உழைப்பைக் காட்டும். மூலம் விளம்பரமாக இருந்தால் ஆயிரம் நகல்களும் விளம்பரமே.

தொழிலாளருக்குச் சிலையே இல்லையா, கொழும்பில் பழைய பாராளுமன்ற வளவில் சௌமியமூர்த்தி தொண்டமான் நிற்கவில்லையா என்று கேட்கலாம். நிற்கிறார், நிற்கவும் வேண்டும். 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தலைவர் நாட்டின் தலைநகரில் நிற்பது சிறிய விஷயமல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு தலைவர்களோடு முடிந்துவிடுவதில்லை. டெய்லர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10-ஆம் திகதி, கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் அங்கே விழுந்தார். தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11-ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்து, 1936-இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர் கோ. நடேசய்யர். மேடைகளில் பாட்டாலேயே தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாள் அவருடைய மனைவி. மடக்கும்புரையில் பிறந்து இந்த மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர் சி.வி. வேலுப்பிள்ளை. நம் வீட்டு அலுமாரியில், பாடசாலை முற்றத்தில், வாசிகசாலை மேசையில் இவர்களில் யாருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது?

எல்லோருக்கும் நம்பகமான புகைப்படம் கிடையாதே, முகம் தெரியாதவருக்கு எப்படிச் சிலை வைப்பது என்பது அடுத்த தடை. இதற்கு வள்ளுவரே பதில். அவர் முகத்தைக் கண்டவர் யாரும் இல்லை. வேணுகோபால் சர்மா வரைந்த ஓர் ஓவியத்தைத் தமிழுலகம் ஏற்றுக்கொண்டது. இன்று அந்தச் சாயலில் எங்கும் சிலைகள் நிற்கின்றன; மலையகப் பாடசாலைகளிலும் அதே முகத்தைத்தான் பிள்ளைகள் வணங்குகிறார்கள். ஒரு கலைஞன் ஆழ்ந்து யோசித்து ஒரு முகத்தைக் கொடுத்தால் சமூகம் அதை ஏற்கும். நம் முன்னோருக்கும் இது புதிதல்ல. ஊரிலிருந்து மாரியம்மனைக் கொண்டுவந்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை. தேயிலை ஆலைக்கு ரொதமுனியையும், கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச் சாமியையும் தாங்களே உண்டாக்கினார்கள். கல்லை நட்டு மஞ்சள் பூசிப் பெயர் வைத்தார்கள். இயந்திரத்துக்கும் கத்திக்கும் நடுவே வாழ்ந்தவர்கள், தங்கள் பயத்துக்கும் நம்பிக்கைக்கும் உருவம் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

லயத்துக் கூரை ஒழுகும்போது சிலை எதற்கு என்ற கேள்விதான் மிகக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வீடு, காணி, சம்பளம் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும் என்பதில் இந்த இதழுக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் காணி கேட்பவர் எந்த உரிமையில் கேட்கிறார்? காடு வெட்டியவர், மலை திருத்தியவர், தேயிலை நட்டவர் என்ற உரிமையில் கேட்கிறார். லிப்டனும் டெய்லரும் மட்டுமே இந்த மலைகளை உண்டாக்கியவர்களாகக் கல்லில் நிலைத்துவிட்டால், அந்த உரிமையைக் கேட்கும் வாய் பலவீனப்படுகிறது. 2023-இல், நம் முன்னோர் மலையகம் வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் இதைத்தான் நாட்டுக்குச் சொன்னார்கள். பொம்மை செய்து பிழைக்கும் கைவினைஞரின் வயிற்றில் அடிக்கவும் நாம் கேட்கவில்லை. அவர் செய்யட்டும், விற்கட்டும். ஒரு நாள் தேயிலை மலைக்கு வந்து, நிறுவைக்கு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

இதைத் தொடங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. களிமண்ணில் உரு செய்து, அச்செடுத்து, சீமெந்திலோ கண்ணாடி இழையிலோ வார்க்கலாம். உருவுக்குத்தான் கலைஞனின் உழைப்பும் காலமும் வேண்டும். அச்சு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதே கோவிந்தன் பத்துப் பாடசாலைகளுக்குப் போவார். நகலால் நமக்கு ஆகக்கூடிய நன்மை இதுதான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மட்டத்தில் கட்புலக்கலை கற்பிக்கப்படுகிறது. அங்கே படிக்கும் மலையக மாணவர்களிடம் இந்தப் பணியை ஒப்படைக்கலாம். தொழிற்சங்கங்கள் தங்கள் அலுவலக வாசலுக்கு ஒன்றும், பழைய மாணவர் சங்கங்கள் தாம் படித்த பாடசாலைக்கு ஒன்றும் பொறுப்பேற்கட்டும். பீடத்தில் பெயரையும் தோட்டத்தையும் திகதியையும் தமிழிலும் சிங்களத்திலும் பொறியுங்கள். வருகிற ஜனவரி 10-க்குள் முதல் அச்சைச் செய்ய முன்வரும் சிற்பியும் பாடசாலையும் இதழின் முகவரிக்கு எழுதுங்கள்.